"ஃபில் இன்" என்றால் பாரம் நிரப்புவது மட்டும்தானா?

மலேசியாவின் ஈப்போவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய வீடு சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேற்பார்வையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று வரி வந்ததாம்: "சம்திங் கேம் அப். கேன் யூ ஃபில் இன் ஃபார் மீ டுமாரோ? ஐ வில் மேக் இட் அப் டு யூ." இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும், மேடம்?" என்று பதில் போட்டிருக்கிறார். மறுநாள் ஆபீசில் ஒரே சிரிப்பு. பள்ளியில் ஃபிரேசல் வெர்ப் என்று பட்டியல் கொடுத்தார்கள், மனப்பாடம் செய்தேன், பரீட்சையோடு மறந்துவிட்டது, அன்றாடப் பேச்சில் இவற்றை எப்படித்தான் புழங்குகிறார்கள் என்பது அவர் கேள்வி.

முதலில் அந்த மூன்று வரியைத் தீர்த்துவிடுவோம். "சம்திங் கேம் அப்" என்றால் எதிர்பாராமல் ஒரு வேலை வந்துவிட்டது. என்ன வேலை என்று சொல்ல விருப்பமில்லாதபோதும் இதையே சொல்வார்கள், அதனால் என்னவென்று தோண்டிக் கேட்கக் கூடாது. "ஃபில் இன் ஃபார் மீ" என்றால் எனக்குப் பதிலாக நீ வேலைக்கு நில். "ஃபார்" என்ற அந்தச் சின்னச் சொல் இல்லாமல், பின்னால் "தி ஃபார்ம்" என்று வந்திருந்தால்தான் பாரம் நிரப்புவது. "மேக் இட் அப் டு யூ" என்றால் இதற்கு ஈடாக உனக்கு ஏதாவது செய்துவிடுகிறேன். அவ்வளவுதான்.

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். தோட்ட ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்துவிட்டு, இப்போது சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனபோது எங்களுக்குப் பாடமொழி மலாய். 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறிய காலம் அது. எனக்கு முந்திய தலைமுறைக் கிராணிமார்கள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் வாயில் இந்தச் சொற்கள் தானாக வரும். நான் துரைமார்களிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

அதில் ஒரு திட்டு இன்னும் காதில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். விடியற்காலையிலிருந்து அடைமழை. மழையில் ரப்பர் மரம் சீவ முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் சீவிய கோட்டிலிருந்து வழிந்து கலைந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் சேர்வதும் தண்ணீரோடு போய்விடும். சின்னத் துரை டெலிபோனில் சொன்னார்: "டேப்பிங் இஸ் ரெயின்ட் ஆஃப். கால் ஆஃப் தி லோரி." எனக்கு "கால்" தெரியும், "லோரி" தெரியும். நடுவில் இருந்த "ஆஃப்" காற்றோடு போயிற்று. உடனே லோரிக்காரருக்குப் போன் போட்டு, சீக்கிரம் வரச் சொன்னேன். பால் ஏற்ற வந்த லோரி சேற்றில் சக்கரம் புதைய நின்றது. பால் ஒரு சொட்டு இல்லை. துரை திட்டியது ஒரு பக்கம், லோரி டிரைவர் தமிழில் திட்டியதுதான் அதிகம் வலித்தது.

"கால்" என்றால் கூப்பிடு. "கால் ஆஃப்" என்றால் வேண்டாம் என்று நிறுத்து. ஒரு "ஆஃப்" சேர்ந்ததும் பொருள் நேர் எதிராகப் போய்விட்டது. இப்படி ஒரு வினைச்சொல்லோடு அப், டௌன், இன், அவுட், ஆன், ஆஃப் போன்ற ஒரு குட்டிச்சொல் சேர்ந்து, இரண்டும் ஒரே வினையாக நிற்பதைத்தான் ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். 1925 இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் இந்தப் பெயரை அச்சில் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் என்று அவரே எழுதியிருக்கிறார். பெயர்தான் புதிது, தொல்லை பழையது. 1755 இல் சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில், அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது இந்த வகைச் சேர்க்கைதான் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆகையால் தங்கை வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஜான்சன் சொன்ன அயல்நாட்டார் பட்டியலில் தமிழர்களைச் சேர்ப்பதா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம் மொழியே இந்த விளையாட்டில்தான் ஓடுகிறது. "சொல்" என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடு என்றால் கற்பி. சொல்லிவிடு என்றால் மறைக்காமல் சொல், அல்லது ஆள் மூலம் தகவல் அனுப்பு. சொல்லிக்கொண்டு போ என்றால் விடைபெற்றுப் போ. சொல்லிவை என்றால் பின்னால் உதவும், இப்போதே காதில் போட்டு வை. தமிழ் படிக்க வந்த ஒரு வெள்ளைக்காரரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நமக்கோ ஐந்து வயதில் வந்துவிட்டது. பட்டியல் போட்டு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். "புட்" என்றால் போடு. "புட் ஆஃப்" என்றால் தள்ளிப்போடு. "கிவ்" என்றால் கொடு. "கிவ் இன்" என்றால் விட்டுக்கொடு. "கிவ் அவே" என்பதற்கு ஒரு பொருள் காட்டிக்கொடு. "லுக்" என்றால் பார். "லுக் ஆஃப்டர்" என்றால் பார்த்துக்கொள். பாட்டியைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொன்னால் பாட்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமா? "கிவ் அப்" என்பதில் கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை. நம் "கைவிடு" என்பதிலும் கையும் இல்லை, விடுவதும் இல்லை. இரண்டும் ஒரே ஜாதிச் சரக்கு. தமிழ் இலக்கணத்தில் இவற்றில் சிலவற்றைக் கூட்டுவினை என்பார்கள், சிலவற்றில் வருவதைத் துணைவினை என்பார்கள். நாம் பெரும்பாலும் இரண்டு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் வினையோடு திசை காட்டும் ஒரு குட்டிச்சொல்லை ஒட்டுகிறார்கள். பெரிய வேறுபாடு அது ஒன்றுதான்.

அதனால் என் பிள்ளைகளிடம் நான் முதலில் வாங்கி ஓரமாக வைப்பது அந்தப் பட்டியலைத்தான். "கெட்" என்று தலைப்புப் போட்டு, கெட் அப், கெட் பை, கெட் ஓவர், கெட் த்ரூ என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கும். அதை அப்படியே விழுங்கினால் பரீட்சை முடிந்ததும் வெளியே வந்துவிடும். வினையை விட்டுவிட்டு வாலைப் பிடியுங்கள். வால் என்று நான் சொல்வது அந்தக் குட்டிச்சொல்லை. ஒரே வால் பல வினைகளில் ஒரே வேலையைச் செய்வதைப் பார்த்தால் பாதி பாரம் குறையும்.

என்னைத் திட்டு வாங்க வைத்த "ஆஃப்" இருக்கிறதே, அதிலிருந்தே தொடங்குவோம். அதன் அடிப்படைப் பொருள் ஒட்டியிருந்தது விலகுவது. சட்டையைக் கழற்றினால் "டேக் ஆஃப்". விமானம் தரையை விட்டுக் கிளம்பினாலும் "டேக் ஆஃப்". பேருந்திலிருந்து இறங்கினால் "கெட் ஆஃப்". சிங்கப்பூருக்குப் போகும் அண்ணனை ஈப்போ ரயில் நிலையம் வரை போய் வழியனுப்பினால் "சீ ஆஃப்". நாள் விலகினால் "புட் ஆஃப்", காரியமே விலகினால் "கால் ஆஃப்", மழையால் விலகினால் "ரெயின்ட் ஆஃப்". வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால் "க்னாக் ஆஃப்". பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விலையில் ஐந்து வெள்ளி குறைத்தாலும் "க்னாக் ஆஃப்" தான். கடனை முழுக்க அடைத்தால் "பே ஆஃப்". உடைந்த மங்கு, காணாமல் போன கத்தி இவற்றை ஸ்டோர் கணக்கிலிருந்து நீக்கினால் "ரைட் ஆஃப்". ஆட்குறைப்பு செய்தால் "லே ஆஃப்". ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அந்த விற்பனைக்கு "செல் ஆஃப்". எங்கள் ஆபீஸ் கடிதங்களில் கடைசிப் பத்து வருஷம் இந்த இரண்டும்தான் அடிக்கடி வந்தன. தோட்டத்துக்கதையை எழுதவே இந்த ஒரு வால் போதும்.

எல்லாம் இப்படி ஒழுங்காக அடங்கிவிடுமா என்றால், இல்லை. "கோ ஆஃப்" ஒரு சண்டிமாடு. "தி லைட் வென்ட் ஆஃப்" என்றால் விளக்கு அணைந்தது. "தி அலார்ம் வென்ட் ஆஃப்" என்றால் அலாரம் அடித்தது! முன்னதில் நின்றது, பின்னதில் தொடங்கியது. பட்டாசு வெடித்தாலும் "வென்ட் ஆஃப்". பிரிட்டன்காரர்கள் பால் கெட்டுப்போனாலும் "வென்ட் ஆஃப்" என்பார்கள். அடக்கிவைத்திருந்தது பிடியை விட்டு விலகிக் கிளம்புவதாக நினைத்துக்கொண்டால் அலாரமும் பட்டாசும் அடங்கும். பால் அடங்காது, அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது "அப்". மேலே என்று படித்திருப்போம். "ஸ்டாண்ட் அப்", "கெட் அப்" இவற்றில் மேலேதான். ஆனால் "ஈட் அப்", "டிரிங்க் அப்", "யூஸ் அப்", "கிளீன் அப்", "டேர் அப்" இவற்றில் எது மேலே போகிறது? ஒன்றும் இல்லை. இங்கே "அப்" என்பது நம் "விடு". சாப்பிடு, சாப்பிட்டுவிடு. கிழித்தான், கிழித்துவிட்டான். மிச்சமில்லாமல் முடிந்தது என்ற உணர்வைத் தமிழில் "விடு" தருகிறது, ஆங்கிலத்தில் பல இடங்களில் "அப்" தருகிறது. இதை ஒரு பையனுக்குச் சொன்ன அன்று அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதற்காகத்தான் டியூஷன் எடுப்பதே. "அப்" எல்லாமே "விடு" இல்லை, சரி; தங்கைக்கு வந்த "கேம் அப்" என்பதில் அது திடீரென்று மேலே தலைகாட்டுவது, தண்ணீருக்குள்ளிருந்து ஒன்று எழும்புவதுபோல.

"டௌன்" சில இடங்களில் நம் "வை". "ரைட் இட் டௌன்" என்றால் எழுதி வை, "நோட் டௌன்" என்றால் குறித்து வை. "ஆன்" பல இடங்களில் நம் "கொண்டே": "கோ ஆன்", "கேரி ஆன்", "கீப் ஆன்" எல்லாவற்றிலும் விடாமல் செய்துகொண்டே இரு என்ற பொருள் ஓடுகிறது. "பேக்" பெரும்பாலும் "திருப்பி": திருப்பிக் கொடு "கிவ் பேக்", திருப்பிக் கூப்பிடு "கால் பேக்". "அவுட்" உள்ளே இருந்தது வெளியே தெரிய வருவது, அல்லது உள்ளதெல்லாம் தீர்ந்துபோவது. "ஃபைண்ட் அவுட்" முதல் வகை, "ரன் அவுட்" இரண்டாவது வகை.

அந்த "ரன் அவுட்" விஷயத்தில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதைத் தினமும் பார்க்கிறேன். வீட்டில் சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. தமிழில் கேஸ் முடிந்துவிட்டது என்போம், அதை அப்படியே தூக்கி "கேஸ் ஃபினிஷ் ஆல்ரெடி" என்று மலேசிய ஆங்கிலத்தில் போடுவோம். "தி கேஸ் ஹேஸ் ரன் அவுட்" என்பது ஒரு வழி. பேச்சில் அதிகம் கேட்பது "வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்". தீர்ந்தது கேஸ், ஓடியது நாமாம்! எழுவாயாக ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நேரம் தீர்ந்தாலும் பொறுமை தீர்ந்தாலும் இதே அச்சுதான்.

இனி வரிசை. நான் அதிகமாகச் சிவப்பு மை போடுவது இங்கேதான். "ஃபேனை ஆஃப் பண்ணு" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, "ஆஃப்" என்பதே வினை என்று நம் மனசில் பதிந்துவிட்டது. அதனால்தான் "ஆஃப் தி ஃபேன்", "ஆன் தி ஏர்கோன்" என்று வருகிறது. இது நம் தவறு மட்டும் இல்லை, மலேசியாவில் எல்லா இனத்தாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். மலாயில் விளக்கைத் திற, மூடு என்றுதான் சொல்வது. அதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது. கோப்பிக் கடையில் இது பேசக்கூடாத பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன், நானே பேசுவேன். எழுத்திலும் நேர்முகத் தேர்விலும் "டர்ன் ஆஃப்" அல்லது "ஸ்விட்ச் ஆஃப்" என்று வினை முன்னால் இருக்க வேண்டும்.

"டர்ன் ஆஃப் தி ஃபேன்" சரி. "டர்ன் தி ஃபேன் ஆஃப்" அதுவும் சரி. ஆனால் ஃபேன் என்ற பெயருக்குப் பதில் "இட்" வந்தால் நடுவில் மட்டுமே வரலாம்: "டர்ன் இட் ஆஃப்". "டர்ன் ஆஃப் இட்" என்று எந்த ஆங்கிலேயனும் சொல்ல மாட்டான். காரணம் இலக்கணப் புத்தகத்தில் தேட வேண்டாம், காதில் தேடுங்கள். ஆங்கில வாக்கியத்தில் பெரும்பாலும் கடைசியில் அழுத்தம் விழும். "ஆஃப்" அழுத்தம் தாங்கும் சொல், "இட்" வலுவில்லாத சொல். வலுவில்லாததை நடுவில் ஒளித்துவிட்டு, வலுவானதைக் கடைசியில் நிறுத்துகிறார்கள். "ஹிம்", "ஹர்", "தெம்" எல்லாவற்றுக்கும் இதே கதி. "பிக் ஹர் அப் அட் ஃபைவ்" என்றால் ஐந்து மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு வா. "பிக் அப் ஹர்" என்று சொல்லக் கூடாது.

அப்படியானால் "லுக் ஹிம் ஆஃப்டர்" என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். கூடாது. "ஆஃப்டர்", "ஃபார்", "இன்டு", "அட்", "வித்" இவை வேற்றுமை உருபு போலப் பின்னால் வருகிற பெயரை விடாமல் பிடித்துக்கொள்ளும் சொற்கள், எனவே "லுக் ஆஃப்டர் ஹிம்" தான். அப், டௌன், ஆஃப், அவுட், அவே, பேக் இவை பெரும்பாலும் பிரிந்து வழிவிடும். "ஆன்", "ஓவர்" இரண்டும் இரட்டை வேஷம்: "புட் இட் ஆன்" என்று பிரியும், "கெட் ஓவர் இட்" என்று பிரியாமலும் நிற்கும். மூன்று துண்டாக வருபவை, "புட் அப் வித்", "ரன் அவுட் ஆஃப்", "கம் அப் வித்" போன்றவை, பெரும்பாலும் பிரியாது. "ஃபில் இன் ஃபார்" என்பதும் இந்தக் கூட்டம்தான். "மேக் இட் அப் டு யூ" என்பதில் மட்டும் "இட்" நடுவே புகுந்து நிற்கிறது, ஏனென்றால் ஈடு செய்யப்படும் பொருள் அந்த "இட்".

காலம் காட்டுவதில் இன்னொரு வம்பு. தமிழில் வால்தான் மாறும்: கைவிட்டான், கைவிடுகிறான், கைவிடுவான். ஆங்கிலத்தில் தலைதான் மாறும்: "கிவ் அப்", "கேவ் அப்", "கிவ்ஸ் அப்". நம் பழக்கத்தில் வாலைப் பிடித்து, "பிக் அப்ட்" என்று என் மாணவி ஒருத்தி எழுதினாள். சிரித்தேன், ஆனால் தமிழ்க் கணக்கில் பார்த்தால் அவள் செய்தது நியாயம்.

உச்சரிப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வினையாக வரும்போது வாலில் அழுத்தம்: "தி பஸ் புரோக் டௌன்" என்பதில் "டௌன்" ஓங்கும். அதுவே பெயராக ஒட்டி வந்தால், "எ பிரேக்டௌன்", தலை ஓங்கும், வால் தாழும். அன்று டெலிபோனில் துரையின் "ஆஃப்" ஓங்கித்தான் வந்திருக்கும். என் காது அதற்குப் பழகவில்லை.

பேருந்து, கார் விஷயம் எல்லோரும் கேட்பது. நமக்கு எல்லாமே ஏறு, இறங்கு. மலாயிலும் நாயிக், துருன் என்று இரண்டே சொல்தான். ஆங்கிலத்தில் எழுந்து நடமாட இடமுள்ள வாகனத்துக்கு "கெட் ஆன்", "கெட் ஆஃப்": பேருந்து, ரயில், விமானம். குனிந்து நுழைந்து நேராக உட்காரும் வாகனத்துக்கு "கெட் இன்", "கெட் அவுட்": கார், டாக்சி. மோட்டார் சைக்கிள், சைக்கிள் இரண்டும் மேலே ஏறி உட்காருவதால் "ஆன்", "ஆஃப்". தோட்டத்து லோரியில் இது அழகாகப் பிரியும்: பின்னால் நின்றுகொண்டு போகிறவர்கள் "ஆன்", டிரைவர் பக்கத்தில் உட்காரும் மண்டோர், அதாவது மேஸ்திரி, "இன்". "கெட் டௌன் ஃப்ரம் தி பஸ்" என்று நாம் சொல்வது நமக்குள் புரியும், வெளியார் காதுக்குக் கூரையிலிருந்து இறங்கியதுபோல இருக்கும்.

மலேசியாவில் மட்டும் வேறு பொருளில் புழங்குபவை சில உண்டு, அவற்றில் கவனம் வேண்டும். "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்று பள்ளியில் சொன்னால் புத்தகத்தைக் கொடு என்று அர்த்தம். வெளிநாட்டில் "பாஸ் அப்" என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. ஒப்படைப்பதற்கு அவர்கள் சொல்வது "ஹேண்ட் இன்". "ஃபில் அப் தி ஃபார்ம்" என்று நம் ஊர்க் கவுன்டரில் சொல்வார்கள். பாரத்துக்கு "ஃபில் இன்" அல்லது "ஃபில் அவுட்" என்று பழகிக்கொள்ளுங்கள், "ஃபில் அப்" பெட்ரோல் தொட்டிக்கு இருக்கட்டும். ஆபீஸ் மின்னஞ்சலில் "பிளீஸ் ரிவர்ட்" என்று பதில் கேட்பது நமக்கு வழக்கம். "பிளீஸ் கெட் பேக் டு மீ" என்பது எங்கும் செல்லும். அப்புறம் நம் பெருமைக்குரிய "கோஸ்தான்". வண்டியைப் பின்னால் எடு என்று சொல்ல இன்றும் லோரிக்காரர்கள் கத்துவது. அது கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும் "கோ அஸ்டர்ன்" என்ற மாலுமிச் சொல்லிலிருந்து வந்தது. கடலிலிருந்து தோட்டத்துச் செம்மண் பாதைக்கு வந்து, லோரிக்கே சொந்தமாகிவிட்டது.

எப்போது பேசலாம், எப்போது எழுதக் கூடாது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1066 இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் லத்தீன் வழியாகவும் ஆங்கிலத்தில் ஏராளமான சொற்கள் நுழைந்தன. அதனால் பல காரியங்களுக்கு இரட்டைச் சொல்: வீட்டில் "புட் ஆஃப்", காகிதத்தில் "போஸ்ட்போன்"; வீட்டில் "புட் அவுட்", காகிதத்தில் "எக்ஸ்டிங்குவிஷ்". நாம் வீட்டில் "தொடங்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அழைப்பிதழில் "ஆரம்பமாகும்" என்று அடிப்பதுபோல. நம் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்திலிருந்து கற்பதால் தலைகீழாக நிற்கிறார்கள்: கடினமான "எக்ஸ்டிங்குவிஷ்" தெரியும், எளிய "புட் அவுட்" தெரியாது. ஐந்தாம் படிவ மாணவன் அடுப்பை "எக்ஸ்டிங்குவிஷ்" பண்ணுகிறேன் என்றால் கேட்பவர் தீயணைப்பு வண்டி வந்ததோ என்று பார்ப்பார்.

அதற்காக எஸ்பிஎம், மூவெட் தேர்வுக் கட்டுரைகளில் ஃபிரேசல் வெர்ப் வரவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. "கேரி அவுட்", "செட் அப்", "பாயின்ட் அவுட்" எல்லாம் எவ்வளவு கறாரான அறிக்கையிலும் வரும். "மெஸ் அப்", "ஹேங் அவுட்" போன்ற கூட்டாளிப் பேச்சை மட்டும் தள்ளிவையுங்கள். மின்னஞ்சல் முடிவில் எழுதும் "லுக் ஃபார்வர்ட் டு" என்பதற்குப் பின் "மீட்" எழுதாமல் "மீட்டிங்" எழுதுங்கள்; அங்கே இருக்கும் "டு" பெயர்ச்சொல் கேட்கும் "டு".

பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் ஒரு நாளை எடுத்து, நடந்ததை நடந்தபடி பத்து வரி எழுதுங்கள். தங்கையின் நாள் இப்படி இருக்கலாம்: நாலரைக்கு அலாரம் "வென்ட் ஆஃப்". "காட் அப்". சீருடையை "புட் ஆன்". தம்பியைப் பள்ளியில் "டிராப்ட் ஆஃப்". ஈப்போ பேருந்தில் "காட் ஆன்", வழியில் பேருந்து "புரோக் டௌன்". ஹோட்டலில் விருந்தினர்கள் "செக்ட் இன்". கேட்ட அறை இல்லையென்று ஒருவர் கத்தினார், அவரைப் பொறுத்துக்கொண்டேன், "புட் அப் வித் ஹிம்". பக்கத்து மேசைத் தோழி மெதுவாக "காம் டௌன்" என்றாள். மாலை ஆறுக்கு "க்னாக்ட் ஆஃப்". ஒரு வாரம் எழுதினால் அறுபது எழுபது சொல் உங்கள் சொந்தச் சொல்லாகிவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்கள் பேருந்தும் உங்கள் தம்பியும் இருப்பார்கள். எனக்குக் "கால் ஆஃப்" மறக்காததற்குக் காரணம் அந்தச் சேறு.

கடைசியாக, மேற்பார்வையாளர் மறுபடி அப்படி அனுப்பினால் என்ன பதில் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். "ஷுவர், ஐ வில் ஃபில் இன் ஃபார் யூ" போதும். முடியாத நாளில் "சாரி, ஐ காண்ட் கெட் அவுட் ஆஃப் எ ஃபேமிலி திங்" என்றால், வீட்டு விசேஷம், தட்ட முடியாது என்று மரியாதையாகப் புரிந்துகொள்வார். அவர் "மேக் இட் அப் டு யூ" என்று சொன்னது வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கிறதல்லவா? இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "குட் ஐ டேக் நெக்ஸ்ட் ஃபிரைடே ஆஃப்?" என்று, அதாவது அடுத்த வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்கலாமா என்று, கேளுங்கள். "ஃபிரைடே" நடுவில், "ஆஃப்" கடைசியில்.